மழைக்குப் பின்னால் வரும் பனி

எங்கள் பக்கம் காற்று திரும்பியதைக் காதுதான் முதலில் சொல்லும். பெரம்பலூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், அரியலூர் எல்லைக்கு ஒட்டினாற்போல எங்கள் ஊர். ஆடியிலும் ஆவணியிலும் மேகாத்து அடிக்கிறவரை ரயில் சத்தம் எங்களுக்கு எட்டாது. ஐப்பசியில் ஒரு நாள் விடிகாலை, கார்டு லைனில் போகிற ரயிலின் ஊதல் தெளிவாகக் கேட்கும். கிழக்கே இருக்கிற சிமெண்டு ஆலைகளின் தூசியும் கூடவே கொஞ்சம் வந்து சேரும். அன்றைக்கே அப்பாயி சொல்லிவிடும்: "காத்து திரும்பிருச்சுடா. பட்டறைக்குத் தார்ப்பாய் போடு."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சின்ன வெங்காயத்தை அடுத்த பட்டத்து விதைக்காகக் காற்றோட்டமாகப் போட்டு, மேலே கீற்று வேய்ந்து வைத்திருப்பதைத்தான் பட்டறை என்கிறோம். அதில் ஈரம் இறங்கினால் அந்த வருடத்து விதை போச்சு.

அக்கா மகன் கனடாவில் வின்னிபெக்கில் வேலை பார்க்கிறான். போன வாரம் போனில் பேசும்போது அங்கே நடந்ததைச் சொன்னான். காலையில் சட்டையோடு வெளியே போனானாம். மதியம் வானம் கறுத்துக் காற்று சுழன்றடித்து, மழை கொட்டியது. சாயங்காலம் கம்பளிக்கோட்டு தேவைப்பட்டது. மறுநாள் விடிந்தபோது புல்வெளி முழுக்க வெள்ளையாக உறைபனி. "எல்லாம் ஒரே நாள்ல மாமா. நம்மூர்ல இப்படியெல்லாம் வராதுல்ல?" என்று கேட்டான்.

வரும் என்று சொன்னேன். மழை, காற்று, பனி மூன்றும் நமக்கும் அதே வரிசையில்தான் வரும். அங்கே ஒரு நாளில் முடிவது இங்கே நான்கு மாதம் நடக்கும். ஐப்பசியில் மழை, கார்த்திகையில் காற்று, மார்கழியிலும் தையிலும் பனி. இடையில் இத்தனை நாள் இருப்பதால் மூன்றும் ஒரே கதை என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. அரசாங்கத்தின் கணக்கேடு இரண்டாவது அத்தியாயத்தோடு மூடப்பட்டுவிடுகிறது. மூன்றாவது அத்தியாயத்தில் நடப்பதை வெங்காயம் போட்டவன் தனியாகத்தான் தாங்குகிறான். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முதலில் அவன் ஊர்க் கதை. கனடாவின் சமவெளியில் வடக்கே துருவத்திலிருந்து குளிர்காற்று இறங்கி வந்தால் அதைத் தடுக்க மலை கிடையாது. குளிர்ந்த காற்று கனமானது. தரையோடு ஒட்டி நகர்ந்து வந்து, முன்னால் இருக்கிற இளஞ்சூடான காற்றை மேலே நெம்பித் தள்ளும். மேலே போன காற்றின் ஈரம் மழையாகும். இரண்டு காற்றும் உரசுகிற எல்லைதான் குளிர்முனை. அது கடந்து போனதும் வானம் வெளுக்கும், இரவில் தரைச்சூடு முழுக்க வெளியேறும், விடிகாலையில் உறைபனி படியும். நம் நாட்டில் பஞ்சாப், ராஜஸ்தான் பக்கம் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வருகிற இடையூறுகளும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கின்றன. விந்தியம் தாண்டி, தக்காணம் தாண்டி, பதினோரு டிகிரி அட்சரேகையில் இருக்கிற நம்மிடம் அந்த முனை வந்து சேராது.

நம்மிடம் வருவது வேறு. சூரியன் தெற்கே சாயச் சாய வடக்கே நிலம் குளிர்ந்து அங்கே காற்றழுத்தம் கூடும். வங்கக்கடல் இன்னும் சூடாகவே இருக்கும். காற்று வடகிழக்கிலிருந்து கிளம்பி, கடல்மேல் வரும் வழியெல்லாம் ஈரத்தைக் குடித்துக்கொண்டு நம்மிடம் வருகிறது. சராசரியாக அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்கு இயல்பாகக் கிடைப்பது ஏறக்குறைய 44 சென்டிமீட்டர். ஆண்டு மழையில் பாதிக்குப் பக்கம். தென்மேற்குப் பருவத்தில் மேற்குமலைக்கு அந்தப் பக்கம் கொட்டுவதை வேடிக்கை பார்க்கிற நமக்கு, மானாவாரிக் காட்டுக்காரனுக்கு, இந்த மூன்று மாதம்தான் வருடம்.

எங்கள் மாவட்டத்தில் பெருவாரியான நிலம் மானாவாரிதான். புரட்டாசியில் கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுவோம். கிணறு இருக்கிறவர்கள் ஐப்பசியில் சின்ன வெங்காயம் நடுவார்கள். மாநிலத்தில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் அதிகம் விளைகிற மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் இருக்கிறது. ஆலத்தூர் வட்டத்தில் செட்டிகுளம், பாடாலூர், இரூர் என்று எந்தப் பக்கம் போனாலும் வெங்காயத்தைப் பற்றித்தான் பேச்சு. அரியலூர்ப் பக்கம் கதை வேறு. செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் செம்மண்ணில் முந்திரி. திருமானூர், தா.பழூரில் கொள்ளிடக் கரையோரம் சம்பா நெல். ஒரே மழை இந்த இரண்டு மாவட்டத்தில் நான்கு விதமாக இறங்குகிறது.

ஐப்பசி மழையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பச்சைமலையில் மழை பிடித்தால் லாடபுரத்து மயிலூற்று அருவி விழும், விசுவக்குடி அணைக்குத் தண்ணீர் வரும், மருதையாறு உயிர் பெறும். ஐப்பசிப் பௌர்ணமியில் கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்தப் பெரிய லிங்கத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி வடித்து அன்னாபிஷேகம் நடக்கும். குடை பிடித்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தை நானே பார்த்திருக்கிறேன். ராஜேந்திரன் கங்கை வெற்றிக்கு நினைவாக வெட்டிய ஏரியை நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. கல்லில் தூண் நட்டிருக்கலாம். மழையைப் பிடித்து வைக்கிற இடமாக வெட்டினானே, அதுதான் இந்த மண்ணை அறிந்தவன் செய்கிற வேலை.

அதே மருதையாறு என்ன செய்யும் என்பதும் எங்களுக்குத் தெரியும். வருடத்தில் பெரும்பாலான நாள் மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கிற காட்டாறு அது. பச்சைமலையில் பிறந்து, பெரம்பலூர் வழியாக அரியலூருக்குள் இறங்கி, கடைசியில் கொள்ளிடத்தில் சேர்கிறது. 1956 நவம்பர் 23, விடிவதற்கு முந்தைய இருட்டு. விடாமல் பெய்த மழையில் ஆறு பெருகி, அரியலூருக்குப் பக்கத்தில் ரயில் பாலத்தை ஒட்டிய கரையை அரித்திருந்தது. முந்தைய இரவு சென்னையிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அந்தப் பாலத்தில் ஏறியது. இன்ஜினும் பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெட்டிகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அதற்குச் சில மாதம் முன்பு மகபூப்நகரில் நடந்த விபத்துக்கே பொறுப்பேற்று விலகுகிறேன் என்றவரை நேரு தடுத்திருந்தார். அரியலூருக்குப் பிறகு அவர் கேட்கவில்லை, விலகிவிட்டார். துணை அமைச்சராக இருந்தவர் நம் ஓ.வி. அழகேசன். அடுத்த வருடத் தேர்தல் மேடைகளில் அரியலூர் என்ற பெயர் தமிழ்நாடு முழுக்க ஒலித்தது. பதவி விலகலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இன்றைக்கும் நாடு அரியலூரைச் சொல்கிறது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அமைச்சர் கதையைச் சொல்ல மாட்டார்கள். ஆற்றில் என்ன மிதந்து வந்தது என்றுதான் சொல்வார்கள். அதை இங்கே எழுத என்னால் முடியாது. (அரியலூர் தனி மாவட்டமாக இரண்டாவது முறை உருவானதும் ஒரு நவம்பர் 23, 2007-ல். தேதி பார்த்தவர்களுக்கு 1956 நினைவில் இருந்ததா என்று நான் யோசிப்பதுண்டு.)

காய்ந்து கிடக்கிற ஆற்றை ஆறாகவே மதிக்காத பழக்கம் இன்னும் போகவில்லை. கொட்டரையில் இன்று மருதையாற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் இருக்கிறது. கீழே வாய்க்கால், ஓடை, வரத்துவாரிகளின் நிலைமை வேறு. தூர்ந்து போன ஓடையில் வெள்ளம் வராது, பக்கத்து வயலில்தான் வரும். இதைச் சொல்வதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம்.

கார்த்திகையில் காற்று. எங்கள் வீட்டில் 77 புயல் என்று ஒன்றைச் சொல்வார்கள். 1977 நவம்பர் 12-ல் நாகப்பட்டினம் பக்கம் கரையேறி, உள்ளே வந்து திருச்சியை வெள்ளத்தில் நிறுத்திய புயல். கடலிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கிறோம், நமக்கென்ன என்று இருந்தவர்களுக்கு அது கொடுத்த அடி பெரியது. அதற்குப் பிறகு 2008-ல் நிஷா. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் முந்திரிக்காடுகளை வேரோடு சாய்த்தது. பண்ருட்டிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கிற ஆண்டிமடத்துக்காரர்கள் அன்றைக்குக் காட்டைப் பார்த்துவிட்டு வந்து பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். முந்திரி ஒரு வருடப் பயிர் இல்லை, அப்பன் வைத்த மரம் மகன் பறிக்கிறது. 2018-ல் கஜா, 2020-ல் நிவர், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என்று வரிசை போகிறது.

புயலின் கண் எங்களைத் தொட வேண்டியதில்லை. அதன் வால் போதும். கார்த்திகையில் மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு வந்து பூட்டை எடுத்திருக்கும். மழையில் ஊறிய கரிசல் தளர்ந்து கிடக்கும்போது ஒரு ராத்திரி காற்று அடித்தால் காடு முழுக்க ஒரே பக்கமாகப் படுத்துவிடும். கதிர் பிடிக்கிற நேரத்தில் சாய்ந்த தட்டை பாதி மணி கூடப் பிடிக்காது. மூன்று நாள் வெயிலே இல்லாமல் தூறிக்கொண்டே இருந்தால் ஆட்டுக்காரர்கள் பாடு இன்னும் மோசம். நனைந்த குட்டிகள் குளிர் காற்றில் நிற்க மாட்டாமல் விழும். பகலில்கூட வெப்பம் ஏறாத அந்த நாட்களில் கிடை போட்டவர்கள் குட்டிகளைத் தங்கள் படுதாவுக்குள்ளே எடுத்துப் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆடு செத்தால் 4,000 ரூபாய். மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500, இறவைக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500 என்று பேரிடர் நிவாரண விதிகள் சொல்கின்றன. முன்பு பாதிப்பயிர் போனால்தான் கொடுப்பார்கள். 2015-லிருந்து மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 சதவீதம் சேதமானாலே போதும். புயல் ஓய்ந்ததும் கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் துறை, தோட்டக்கலைத் துறை ஆட்களும் சேற்றில் இறங்கி வந்து எழுதிக்கொண்டு போகிறார்கள். தொகை போதுமா என்பது வேறு விஷயம். கணக்கெடுப்பு நடக்கிறது. அதை நடத்துகிறவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன்.

அவர்கள் போன பிறகுதான் மூன்றாவது ஆள் வருகிறான்.

கர்ணனுக்கு மிஞ்சிய கொடையுமில்லை, கார்த்திகைக்கு மிஞ்சிய மழையுமில்லை என்பார்கள். தீபம் முடிந்து, சொக்கப்பனை கொளுத்தி முடிந்தால் மேகம் விலகத் தொடங்கும். அதற்கப்புறம் வடக்கேயிருந்து வருவது வறண்ட வாடை. எங்கள் கரைவெட்டி ஏரி அப்போது பார்க்க வேண்டிய இடம். புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீரில் நிறைந்து கிடக்கும் அந்த ஏரிக்கு, இமயமலையைத் தாண்டிப் பறந்து வரித்தலை வாத்துகள் வந்து இறங்கும். மங்கோலியாவிலும் திபெத்திலும் கோடையைக் கழித்தவை. 2024 ஜனவரியில் கரைவெட்டிக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தபோது நாங்கள் எல்லோரும் எங்கள் வீட்டுப் பிள்ளை பாஸான மாதிரி சந்தோஷப்பட்டோம்.

வானம் வெளுத்த இரவுகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பகலில் தரை வாங்கிய சூடு இரவில் மேலே போகும். மேகம் இருந்தால் அது பாதியைத் திருப்பி அனுப்பும். மேகம் இல்லை, காற்றும் அசையவில்லை என்றால் தரையை ஒட்டிய காற்று வேகமாகக் குளிரும். மூன்று மாதம் மழை குடித்த மண் அந்தக் காற்றுக்கு ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு அந்த ஈரம் இலைமேல் நீராகப் படியத் தொடங்கும். அதுதான் பனி.

அது ஏன் உறைவதில்லை? இந்தக் கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில், வரைபடத்தில் ஊட்டியும் பெரம்பலூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன என்பது. ஊட்டியிலிருந்து கிழக்கே நேராக ஒரு கோடு இழுத்தால் எங்களுக்குக் கொஞ்சம் வடக்கே போய்விடும், அவ்வளவுதான். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, நாங்கள் 140 மீட்டரை ஒட்டி. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. உயரத்தாலேயே பதிமூன்று பதினான்கு டிகிரி வித்தியாசம். மேலே காற்று வறண்டது, மெல்லியது. அங்கே சூடு தடையில்லாமல் வெளியேறி, புல்லின் மேல் வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கிவிடும். இங்கே காற்றில் ஈரம் அதிகம். ஒரு கிராம் நீராவி நீராக மாறும்போது ஏறக்குறைய 590 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. வெப்பம் பதினெட்டு, இருபது டிகிரிக்கு இறங்கியதும் பனி படியத் தொடங்கி, அந்தப் பனியே மேற்கொண்டு குளிர விடாமல் பிடித்துக்கொள்கிறது. மூடுபனி எழும்பினால் அதுவும் ஒரு போர்வை. பாடாலூரிலிருந்து வாலிகண்டபுரம் வரை நெடுஞ்சாலையில் மார்கழி விடியலில் முன்னால் போகிற லாரி தெரியாமல் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்தப் போர்வையின் கனம் தெரியும். தயவுசெய்து அந்த நேரத்தில் மெதுவாகப் போங்கள்.

ஆக, நம் பனி பயிரை உறைய வைத்துக் கொல்வதில்லை. ஈரமாகவே வைத்திருந்து கொல்கிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொன்னவர்கள் வீட்டைப் பற்றிச் சொன்னார்கள். வெங்காயத் தாளைத் துளைப்பதைப் பற்றி நான் சொல்கிறேன்.

சின்ன வெங்காயம் நட்டதிலிருந்து அறுபத்தைந்து, எழுபது நாளில் எடுப்பது. ஐப்பசியில் நட்டால் மார்கழிக் கடைசியில் காய் பெருக்கிற நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தியில் தண்ணீர் நின்றிருக்கும். அப்போது பயிரைப் பார்த்தால் பச்சையாகத்தான் நிற்கும். கணக்கெடுக்க வந்தவர் பார்த்துவிட்டுப் போவார், சேதம் 33 சதவீதம் இல்லை. ஆனால் பூசணம் வேரிலும் தாளிலும் ஏறியிருக்கும். பத்து, பதினைந்து நாள் கழித்து விடிகாலைப் பனி விடாமல் விழும்போது அது வெளியே வரும். தாள் நெளிந்து முறுக்கிக்கொள்ளும். கழுத்து நீண்டுகொண்டே போகும். அடியில் காய் பருக்காது, பிடுங்கினால் சொதசொதவென்று இருக்கும். திருகல் என்றும் கோழிக்கால் என்றும் எங்கள் பக்கம் சொல்வது இதைத்தான். காலை ஒன்பது மணிவரை தாளில் ஈரம் காயாமல் இருந்தால் ஊதாநிறப் புள்ளி விழுந்து நுனியிலிருந்து கருகிக்கொண்டு வருகிற நோயும் சேர்ந்துகொள்ளும்.

எங்கள் மாமா ஒருவர். வெங்காயத்திலேயே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். இரண்டு வருடம் முன்பு தை பிறந்ததும் அவர் காட்டுக்குப் போனேன்.

"என்ன மாமா, காய் எடுத்தாச்சா?"

"எடுக்கிறதுக்கு என்ன மாப்ள இருக்கு? ஆள்கூலி மிஞ்சாது. டிராக்டரை விட்டு ஓட்டிறப் போறேன்."

"மழைக்கு எழுதிக்கிட்டுப் போனாங்களே?"

"மழைல போனாத்தான் எழுதுவாங்க. இது பனில போனது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஓர் ஏக்கருக்கு விதை வெங்காயம் மட்டுமே எவ்வளவு விலை என்பது வெங்காயம் போட்ட எல்லோருக்கும் தெரியும். விதை விலை ஏறின வருடத்தில் நட்டு, விற்கிற விலை இறங்கின வருடத்தில் எடுக்கிறவர்கள் நாங்கள். அதற்கு நடுவே பனியும் எடுத்துக்கொண்டால் அந்தக் குடும்பத்தில் அடுத்த பட்டம் நகையில்தான் தொடங்கும்.

அன்றிலிருந்து விதிகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தேசியப் பேரிடர் பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு எல்லாம் இருக்கின்றன. உறைபனியும் குளிர் அலையும்கூட இருக்கின்றன. பஞ்சாபிலும் உத்தரப்பிரதேசத்திலும் உருளைக்கிழங்கும் கடுகும் கருகும்போது அந்த வரி உதவும், உதவட்டும். ஆனால் சமவெளியில் குளிர் அலை என்று வானிலைத் துறை அறிவிக்க வேண்டுமென்றால் குறைந்தபட்ச வெப்பம் 10 டிகிரிக்கோ அதற்குக் கீழேயோ இறங்கி, இயல்பைவிட 4.5 டிகிரி குறைந்திருக்க வேண்டும். பெரம்பலூரில் அது நடக்கப் போவதில்லை. உறைபனியும் விழப் போவதில்லை. பதினெட்டு டிகிரியில் விடியவிடிய நனைந்து நிற்கிற வெங்காயத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

அதே பட்டியலில் பூச்சித் தாக்குதல் என்று ஒரு வரி இருக்கிறது. நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்த வரியைத்தான். 2018-ல் அமெரிக்கப் படைப்புழு வந்ததே, நினைவிருக்கிறதா? அந்த மே மாதம் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள், அந்தப் பருவத்திலேயே பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் குருத்தெல்லாம் சல்லடையாகப் போனது. அதற்குப் புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. விவசாயிகள் விடாமல் கேட்டார்கள், தமிழக அரசு கணக்கெடுத்து நிவாரணம் கொடுத்தது. புழுவுக்குக் கொடுக்க முடிந்தது என்றால், மழையும் பனியும் சேர்ந்து கொண்டுவந்த பூசணத்துக்கும் கொடுக்க முடியும். மழையில் தொடங்கிய நோய், மழையின் சேதம்தான்.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது, எல்லோரும் கட்டாயம் போடுங்கள். ஆனால் அது பிர்கா அளவில் மகசூலை அறுத்துப் பார்த்துச் சராசரி எடுக்கிற திட்டம். மேட்டுக்காட்டில் நன்றாக வந்து பள்ளத்துக்காட்டில் போனால் சராசரி அடிபடாது. பனி பள்ளத்தைத் தேடித்தான் இறங்கும், குளிர்ந்த காற்று கனமானது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதே காரணம்தான்.

பனி எல்லோருக்கும் எதிரி என்றும் எழுதிவிட முடியாது. கொள்ளிடக் கரையில் சம்பா அறுப்புக்கு முன்னால் தூவுகிற உளுந்து, தரை ஈரத்தையும் பனியையும் நம்பித்தான் வளர்கிறது. ஒரு மழைகூட இல்லாமல் தையும் மாசியும் தாண்டிக் காய்த்துவிடும். கரிசலில் கொத்தமல்லிக்கும் பனி பிடிக்கும். முந்திரிக்குப் பிடிக்காது. பூங்கொத்து விடுகிற நேரத்தில் மூடுபனி தொடர்ந்து விழுந்தால் பூ கருகும், தேயிலைக் கொசுவும் கூடவே வரும். வெடித்து நிற்கிற பருத்தியும் பனியில் நிறம் மங்கித் தரம் இறங்கும். வியாபாரி குவிண்டாலுக்கு விலையைக் குறைக்க அது ஒரு காரணமாகிவிடும்.

செய்யக்கூடியதைச் செய்யாமலும் இல்லை. அந்த மாமா போன வருடம் பாத்தியை மாற்றினார். சமமாகக் கட்டிய பாத்திக்குப் பதிலாக மேட்டுப்பாத்தி போட்டு, நடுவே தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டி, நெருக்கத்தைக் குறைத்து நட்டார். காலை வெயில் பட்டதும் தாள் சீக்கிரம் காய்கிறது. நோய் அறவே போகவில்லை, ஆனால் டிராக்டர் விட வேண்டி வரவில்லை. வாலிகண்டபுரத்தில் ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் மையமும், அரியலூர் பக்கம் சோழமாதேவியில் கிரீடு மையமும் இருக்கின்றன. பருத்தி என்றால் வேப்பந்தட்டை ஆராய்ச்சி நிலையம். செவ்வாயும் வெள்ளியும் வருகிற வேளாண் வானிலை அறிக்கையை ஊர் வாட்ஸ்அப் குழுவில் நான் தவறாமல் போடுகிறேன். மழை எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் பார்க்காதீர்கள். காலை ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று ஒரு வரி இருக்கும். அது தொண்ணூறுக்கு மேலே தொடர்ந்து நின்றால் வெங்காயக்காட்டுக்கு விடிந்ததும் போய்த் தாளைத் தடவிப் பாருங்கள்.

இனி என் கோரிக்கை. புயல், மழைக்குப் பிறகு இப்போது நடக்கிற கணக்கெடுப்பு நடக்கட்டும். வெங்காயத்துக்கு மட்டும் மார்கழிக் கடைசியில் இன்னொரு முறை, அதே ஆட்கள் அதே வயல்களுக்கு வர வேண்டும். முதல் முறை தண்ணீர் நின்றதாக எழுதிய வயலில் இரண்டாவது முறை திருகல் விழுந்திருந்தால், அதை மழைச் சேதமாகவே சேர்க்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், மாவட்ட அளவில் ஓர் உத்தரவு போதும் என்றே நினைக்கிறேன்.

ஜனவரி 26 கிராம சபை சரியாகப் பனிக்காலத்தில் வருகிறது. ஆலத்தூர், குன்னம், வேப்பந்தட்டை வட்டங்களில் வெங்காயம் போட்டிருக்கிற ஊர்கள் ஒவ்வொன்றும் இதை ஒரு தீர்மானமாக நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம். எங்கள் ஊரில் எழுதி வைத்திருக்கிறோம். வாசகத்தை அடுத்த பதிவில் போடுகிறேன், உங்கள் ஊர்ப் பெயரை மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு வரும்போது அடங்கல் நகல், நட்ட தேதி, கார்த்திகையில் தண்ணீர் நின்றபோது எடுத்த படம், இப்போது தாள் முறுக்கியிருக்கிற படம் எல்லாவற்றையும் கையில் கொண்டு வாருங்கள். இரண்டு படமும் ஒரே வரப்பிலிருந்து எடுத்ததாக இருந்தால் ரொம்ப நல்லது.